எழுந்து போக ஏற்ற பாட்டு

சிலாங்கூரின் அசாம் ஜாவா வட்டாரத்தில் புதுப் படம் ஒன்று பார்க்கத் தகுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நெடுங்காலமாக ஒரே ஒரு வழிதான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சுகுமாறன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவான். அதைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பலாம், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்து துணி துவைக்கலாம். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆகவே இதைச் சீர்படுத்த வேண்டிய அவசியம் ஏற்பட்டது.

சுகுமாறன் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடுகிறவன். லோரி வந்து நிற்கும், எடை பார்ப்பான், போ என்பான். சினிமாவிலும் அவன் ஞானம் அவ்வளவுதான். கேமரா கோணம், குறியீடு, உலகத் தரம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் தெரியாது. சனிக்கிழமை மதியம் மனைவி உஷாராணியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைப் பிடித்து ரவாங் அரங்குக்குப் போவான். படம் பார்ப்பான். திரும்பி வருகிற வழியெல்லாம் இருவரும் பேசுவார்கள். உள்ளதைச் சொன்னால், உஷாராணி பேசுவாள், அவன் வண்டி ஓட்டுவான்.

"அந்த வில்லன் ஏங்க வார்த்தைக்கு வார்த்தை கண்ணாடிய கழட்டுறான்? பவர் சரியில்லையா? ஒரு நல்ல கடையா பார்த்து மாத்தித் தொலைக்கலாம்ல?" என்பாள். அவன் சிரித்த சிரிப்பில் ஒரு தடவை திரும்ப வேண்டிய சந்திப்பையே விட்டுவிட்டான். அவனுக்கு வாரம் முழுக்க லோரிச் சத்தம். அந்தக் கார்ப் பேச்சுக்காகத்தான் அவன் சனிக்கிழமையை எதிர்பார்த்துக் கிடந்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னதில் பாதியைத் தன் குரலில் சொல்லிக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவான்.

"இந்தப் படம் பார்க்கலாம். அழுகை இருக்கு, ஆனா அளவாத்தான் இருக்கு. மாமனார் செத்ததும் ஒரு பாட்டு வரும், அப்ப எழுந்து போயிட்டு வந்துருங்க. ஒண்ணும் நட்டமில்ல."

அல்லது, "இத விட்டுருங்க லா. அந்தக் காசுக்குச் செகிஞ்சான்ல போயி மீன் சாப்பிடலாம்."

எழுந்து போகிற விஷயத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நம் ஊர் அரங்குகளில் இடைவேளை கிடையாது. திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வரும், வந்த சுருக்கில் போய்விடும், விளக்கு எரியாது, படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்ப் படம் என்றால் லேசில் முடியாது. கையில் ஒரு வாளி அளவுக்குக் குளிர்பானம். இந்த நிலையில் மனிதன் எப்போதுதான் எழுந்து போவது? படித்த விமர்சகர்கள் ஒருவரும் இந்தக் கேள்வியைத் தொட்டதில்லை. சுகுமாறன் தொட்டான். அதனால்தான் அவன் குரல் கைமாறிக் கைமாறிச் பக்கத்து ஊரான சுங்கை புரோங்கையும் தாண்டிப் போனது.

வினை புவனேசன் உருவத்தில் வந்தது. புவனேசன் சர்க்கரை வியாதிக்காரர். சுகுமாறன் சொல்லாமல் அவர் எந்தப் படத்திலும் எழுந்ததில்லை. அன்றைக்கு இரண்டாவது பாட்டுக்கு எழுந்து போகலாம் என்று சுகுமாறன் சொல்லியிருந்தான். மனுஷர் முதல் பாட்டில் தூங்கிவிட்டார். விழித்த பிறகு மூன்றாவதை இரண்டாவதாக எண்ணிக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வந்தால் கதாநாயகன் சிறையில் இருக்கிறான். ஏன் சிறையில் இருக்கிறான் என்று பக்கத்தில் கேட்டார், பின்னால் கேட்டார், எல்லாரும் "உஷ்" என்றார்கள். நேரே போய்த் தலைவர் கணேஸ்வரனிடம் புகார் கொடுத்துவிட்டார்.

கணேஸ்வரன் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி மட்டும் இன்னும் அவருக்கு எட்டவில்லை. வட சிலாங்கூர் தமிழ்த் திரை ரசிகர் நல மேம்பாட்டு மன்றத்துக்கு அவர்தான் தலைவர். மன்றம் வருடா வருடம் ஒரு விருந்து நடத்தும், விருந்தில் குழுப்படம் எடுக்கும். அதற்கு மேல் என்ன மேம்படுத்துவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தப் புகார் வந்து சேர்ந்தது.

"சுகுமாறா, நீ படம் நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொல்றியாமே?"

"ஆமாங்க தலைவரே."

"யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லச் சொல்லல. பார்த்தேன், சொன்னேன்."

கணேஸ்வரன் மிகுந்த வேதனையோடு தலையாட்டினார். "இதுதான் லா நம்ம ஜனங்களோட பிரச்சினை. பார்க்குறது, சொல்லிடுறது. நடுவுல ஒரு நடைமுறை வேணாமா?"

நடைமுறை ஏற்பட்டது. டேவானை, அதாவது ஊர் மண்டபத்தை, வாடகைக்கு எடுத்து, மேடை போட்டு, சுகுமாறனை மன்றத்தின் அதிகாரப்பூர்வத் திரை அபிப்பிராய அலுவலராக நியமித்தார்கள். விழா தாமதமாகத் தொடங்கியது, ஏனென்றால் சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்தவர் காலத்தின் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. முத்திரை குத்திய நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கணேஸ்வரன் ஒலிபெருக்கியிலேயே கேட்டார்:

"அலுவலரே, இந்தப் பணியில உங்களுக்கு யாராச்சும் துணையா இருக்காங்களா? இருந்தா அவங்களுக்கும் கடிதம் குடுத்துடணும். நடைமுறை."

மாலை கழுத்தில் இருக்கும்போது மனிதனுக்கு என்னமோ ஆகிவிடுகிறது.

"இல்லைங்க தலைவரே. எல்லாம் நானே பார்த்து, நானே யோசிச்சுச் சொல்றதுதான்" என்றான் சுகுமாறன்.

மூன்றாவது வரிசையில் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த உஷாராணி அதை இறக்கிப் பைக்குள் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான். மடையன்.

அடுத்த சனிக்கிழமை ரவாங்கிலிருந்து திரும்புகையில் உஷாராணி வழக்கம்போல ஆரம்பித்தாள். "அந்த அப்பாக்காரரு சாகப் போறப்ப எப்படிங்க அவ்ளோ நீளமா..."

"உஷா, மன்றக் கூட்டத்துல அறிக்கை குடுத்து முடியுற வரைக்கும் படத்தப் பத்திப் பேசக்கூடாதாம். விதி."

"யாருகூட?"

"கடிதம் இல்லாதவங்ககூட."

அவள் சரி என்றாள். சரி என்றுதான் சொன்னாள். அதற்கப்புறம் அசாம் ஜாவா வரும் வரைக்கும் இரண்டு பக்கமும் நிற்கிற செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு வண்டி ஓட்டுவது இவ்வளவு அலுப்பான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டம் நடந்தது. அதாவது, முதல் கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை, அவர்கள் படத்துக்குப் போயிருந்தார்கள். மறு கூட்டத்தில் சுகுமாறன் எழுந்து, "படம் மொக்கை" என்று தன் அறிக்கையைச் சமர்ப்பித்தான்.

செயலாளர் தனுஜா மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்ந்தாள். "அங்கிள், மொக்கைன்னு மினிட்ஸ்ல போட முடியாது. சென்சிட்டிவ். 'மேலும் மெருகேற்றியிருக்கலாம்', ஓகேவா?"

"மெருகேத்த ஒண்ணும் இல்லம்மா அதுல."

"ஓகே, அப்ப 'மெருகேற்றப் பெரும் வாய்ப்புள்ளது'ன்னு போட்டுடறேன்."

'எழுந்து போக ஏற்ற பாட்டு' என்பதும் இசையமைப்பாளரின் மனத்தைப் புண்படுத்தும் என்று கருதப்பட்டு, 'தற்காலிக இருக்கை நீக்கத்துக்கு உகந்த இசைப்பகுதி' என்று திருத்தப்பட்டது. இது வெளியானபோது யாருக்கும் விளங்கவில்லை. நிறையப் பேர் கடைசி வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு தெரிய வந்தது. ஆனால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை, ஏனென்றால் அபிப்பிராயம் வெளியாகிற நேரத்தில் படம் அரங்கைவிட்டே போய்விட்டது.

"போன படத்துக்கு அபிப்பிராயம் சொல்லி என்னா தலைவரே பிரயோஜனம்?" என்றான் சுகுமாறன்.

"அவசரப்பட்டு முன்கூட்டியே வெளியிட்டிருந்தா ஜனங்க அத நம்பிப் போயிருப்பாங்களே! பொறுப்பு யாரு ஏத்துக்குறது?" என்றார் கணேஸ்வரன்.

அபிப்பிராயம் உருவாகும் இடத்திலேயே கண்காணிப்பு வேண்டும் என்று அடுத்த தீர்மானம். இனி அலுவலரோடு மன்றமும் படத்துக்கு வரும். அரங்கில் தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் என்று பதவி வரிசைப்படி உட்கார்ந்தார்கள், நடுவில் சுகுமாறன். கடிதம் இல்லாத காரணத்தால் உஷாராணிக்குப் பின்னால் பொதுமக்கள் பகுதியில் இடம். விளக்கு அணைந்தது. மன்றத்தார் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு காட்சியில் அவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டான்.

"அலுவலரே," கணேஸ்வரன் காதருகில் குனிந்தார், "இப்ப சிரிச்சது முடிவா, இல்ல முன்மொழிவா?"

அதோடு அவன் சிரிப்பு நின்றது. ஆனால் பின்னால் உஷாராணி சிரிப்பது கேட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் அவள் மெதுவாக என்னவோ சொன்னாள், அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அது என் சிரிப்பு ஐயா, எனக்கு வர வேண்டிய சிரிப்பு என்று எழுந்து கத்தலாம் போல இருந்தது சுகுமாறனுக்கு. எழுந்தால் மன்றம் குறித்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருந்தான்.

மறுநாளே தலைவர் வீட்டில் போய் நின்றான்.

"விலகிக்கிறேங்க."

"காரணம்?"

"பொண்டாட்டி என்கூட பேச மாட்டேங்குறா."

"அது மன்றத்தின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது" என்றார் கணேஸ்வரன் அனுதாபத்தோடு. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அபிப்பிராயம் சொல்கிற பொறுப்பை ஒரு குழு ஏற்பதென்றும், அந்தக் குழுவுக்குத் தாமே தலைமை தாங்குவதென்றும் அப்போதே முடிவாகிவிட்டது. டேவானில் விடுவிப்பு விழா நடந்தது. இன்னொரு பொன்னாடை போட்டார்கள்.

"விலகிட்டேன் உஷா" என்றான் வீட்டுக்கு வந்து.

"சரி."

"சனிக்கிழமை போவோமா? பக்கத்துல பக்கத்துல உக்காந்து?"

"போலாம்."

"பேசுவியா?"

"மொதல்ல படத்தப் பார்ப்போம்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கொலைக் கதை. தோட்ட முதலாளியைக் கொன்றது யார் என்பதுதான் படம் முழுக்கக் கேள்வி. அரங்குக்குள் போன சுகுமாறன் திகைத்துவிட்டான். பாதிக் குவாலா சிலாங்கூர் அங்கே இருந்தது. குழுவை நம்பிப் பயனில்லை, சுகுமாறன் எந்தப் படத்துக்குப் போகிறானோ அதுதான் நல்ல படம் என்று ஜனங்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். புவனேசன் இருந்தார். முன் வரிசையில் கணேஸ்வரனின் குழு இருந்தது. அவன் எதையும் கண்டுகொள்ளாமல் உஷாராணி பக்கத்தில் உட்கார்ந்து, நிம்மதியில் அந்த வாளிக் குளிர்பானத்தை ஒட்டக் குடித்து முடித்தான்.

முடிவு நெருங்குகிற நேரத்தில் ஒரு பாட்டு தொடங்கியது. சுகுமாறனுக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. முட்டிக்கொண்டு வந்தது, எழுந்தான். அவ்வளவுதான். புவனேசன் எழுந்தார். புவனேசன் எழுந்ததைப் பார்த்து அவர் வரிசையே எழுந்தது. பிறகு வயதானவர்கள், பெண்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தகப்பன்மார்கள். "முன்னுதாரணம் இருக்கு" என்று சொல்லிக் கணேஸ்வரனும் குழுவோடு எழுந்தார். கழிவறை வாசலில் வரிசை பாப்கார்ன் விற்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டது. முதலில் உள்ளே போன சுகுமாறனால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முடியவில்லை.

எல்லாரும் ஒருவழியாகத் திரும்பி வந்தபோது திரையில் போலீஸ் ஜீப் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகன் கடற்கரையில் தனியாக நடந்தான். பாட்டு பாதியிலேயே நின்று, கொலைகாரன் பிடிபட்டு, எல்லாம் முடிந்திருந்தது.

"யாரு? யாரு லா?" என்று அரங்கம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. விளக்கு எரிந்தது. உஷாராணி கைப்பையை எடுத்துக்கொண்டு நிதானமாக எழுந்தாள்.

பாப்கார்ன் விற்கிற இடத்தருகே குழு அவசரமாகக் கூடியது. அங்கேயே அத்தனை பேரும் இருந்ததால், மன்ற வரலாற்றில் முதல் முறையாக ஒரு தீர்மானம் அன்றைக்கு அன்றே நிறைவேறியது: 'கொலை செய்தவர் யார் என்பதைச் சொல்ல இயக்குநர் மறந்துவிட்டார். தவிர்க்கலாம்.' ஊரே சாட்சி என்பதால் ஒருவரும் மறுக்கவில்லை. புவனேசன் கை தட்டினார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் சுகுமாறன் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"உஷா, கொன்னது யாரு?"

"எனக்குத்தான் கடிதம் இல்லையே."

அவன் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் வண்டியை ஓரங்கட்டி, கைப்பேசியை எடுத்து, பழைய குடும்பக் குழுவில் குரல் பதிவு போட்டான். "நான் சுகுமாறன் பேசுறேன். இத்தனை நாளா நான் சொன்னதெல்லாம் உஷாராணி சொன்னது. டேவான்ல மாலையப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன். இன்னிக்கு அரங்கத்துல எழுந்திருக்காம இருந்தது அவ ஒருத்திதான்."

உஷாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டான். குரல் பதிவு கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த சுங்கச்சாவடி வருவதற்குள் அவள் கைப்பேசி அடித்தது.

"அம்மா, நான் கணேஸ்வரன். உங்களுக்கு நியமனக் கடிதம் தட்டச்சு ஆகிட்டிருக்கு. பொன்னாடை பச்சையா, சிவப்பா? அப்புறம்... சும்மா தெரிஞ்சுக்கத்தான்... கொன்னது யாரும்மா?"

"கடிதம் வரட்டுங்க தலைவரே. கூட்டமும் நடக்கட்டும். அதுவரைக்கும் பேசினா விதிய மீறுன மாதிரி ஆகிடுமே" என்று சொல்லி வைத்தாள். பிறகு காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு, அந்த முதலாளியம்மா இழவு வீட்டில் கட்டியிருந்த பட்டுப் புடவையில் ஆரம்பித்தாள். போலீஸ்காரர் தொப்பை, கதாநாயகனின் ஒட்டு மீசை என்று ஒன்றையும் விடவில்லை. சுகுமாறன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அசாம் ஜாவா வந்துவிட்டது.

"எல்லாம் சரி உஷா," என்றான் வண்டியை நிறுத்திக்கொண்டே, "எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லேன். கொன்னது யாரு?"

"உங்ககிட்டயா?" உஷாராணி கதவைத் திறந்தாள். "நீங்கதான் விலகிட்டீங்களே. இப்ப உங்களுக்குத்தாங்க கடிதம் இல்ல."