ஓர் அடுப்புக்கு ஒரு வீடு

மகாராஜராஜஸ்ரீ போளூர் மைத்துனர் சுப்பராயலு அவர்கள் சமூகத்துக்கு, ஆரணி ஏகாம்பரம் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். தங்கள் தங்கை கெங்கம்மாள் என்னைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள்.

ஐப்பசி வெள்ளத்தில் எங்கள் தெரு முழுக்கப் படுத்துவிட்டதும், தறிக்குழிகளில் சேறு நிற்பதும், நாங்கள் அண்ணன் தம்பி மூவரும் பெண்டு பிள்ளைகளோடு பதினான்கு பேராகச் சத்திரத்தில் ஒண்டியிருப்பதும் தாங்கள் அறிந்ததே. இப்போது வீடு கட்டித் தர ஒரு கமிட்டி ஏற்பட்டிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் இடிந்த வீட்டில் எத்தனை குடும்பம் இருந்தது என்று எப்படித் தெரியும்? அடுப்பை எண்ணு என்று உத்தரவாகிவிட்டது. ஓர் அடுப்புக்கு ஒரு வீடு. நாங்கள் மூன்று குடும்பமும் ஒரே பானையில் தின்றவர்கள், ஆகவே ஒற்றை அறையில் ஒரு வீடு. அதில் தறி போட்டால் ஆள் படுக்க முடியாது, ஆள் படுத்தால் தறி போட முடியாது. எங்களுக்குப் பட்டு நூல் கொடுக்கும் முதலாளிக்கோ, மாடிவீட்டில் ஓர் ஓடுகூட நழுவவில்லை. பின்கட்டில் சாயம் காய்ச்சும் கொட்டகை மட்டும் விழுந்தது. அதில் நாலு அடுப்பு. கமிட்டி குமாஸ்தா எண்ணினார், நாலு வீடு எழுதினார். நான் ஓடிப்போய், "சாமி, அது சாயம் காய்ச்சற அடுப்புங்க, அதுல யாரும் சோறாக்கறதில்லீங்க" என்றேன். "உத்தரவுல அடுப்புன்னுதான்யா இருக்குது, சோறுன்னு இல்லியே" என்றார். அந்த நாலு வீட்டையும் முதலாளி எங்களுக்கே வாடகைக்கு விடுவாராம். தயாள குணம்.

மனுவுக்கு மேல் மனு போட்டதில், எங்கள் அடுப்பை மறுபடி எண்ண வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசித் தம்பி வேலுவின் பெண்சாதி உண்ணாமலைக்கு மாதம் நிறைந்துவிட்டது. பிள்ளை பெற்ற பச்சை உடம்பைச் சத்திரத்து ஈரக் கல்லில் கிடத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் நான்தான் யோசனை சொன்னேன்: பிரிந்ததுபோல் மூன்று அடுப்பு மூட்டுவோம், ஊர் நம்பக் கொஞ்சம் சண்டையும் போடுவோம். முதல் நாள் பொய்ச் சண்டை நன்றாகவே நடந்தது. இரண்டாம் நாள் நடுத்தம்பி பெண்சாதி தெய்வநாயகி, "பன்னெண்டு வருசமா எங்க ஊட்டுக்காரருக்கு மேலாப்புல இருக்கிற தண்ணிக் கொழம்பத்தானே இந்த அக்கா ஊத்திகினு வந்தாங்க" என்றாள். கெங்கம்மாள் விடுவாளா? "ஒம் புருசன் நெய்யற நெசவுக்கு அதுவே ஜாஸ்திடி" என்றாள். அதற்குப் பிறகு யாரும் நடிக்கவில்லை. இப்போது மூன்று அடுப்பும் மூன்று திசை பார்த்து எரிகின்றன. என் தம்பிகள் என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மூன்று வீடு கேட்கப் போய், இருந்த ஒரு குடும்பத்தையும் உடைத்துவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது மைத்துனரே. தாங்கள் வந்து எல்லோரையும் ஒன்று சேர்த்து வைக்க வேண்டும். ஆனால் தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்துவிட வேண்டாம்.

அக்காளுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும். தங்கள் தலைக்கு மேலிருக்கும் கூரை தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏகாம்பரம்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. விடியலில் உண்ணாமலைக்கு வலி கண்டது. கெங்கம்மாளும் தெய்வநாயகியும் சண்டையை மறந்து, இருந்த விறகையெல்லாம் ஒரே அடுப்பில் திணித்து வெந்நீர் வைத்தார்கள். பிறகு அதிலேயே எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினார்கள். பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். தம்பிகள் என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகையால் தாங்கள் சமாதானத்துக்கு வர வேண்டாம். அந்த நேரம் பார்த்துத்தான் குமாஸ்தா வந்தார். எரிகிற அடுப்பை எண்ணி, ஒன்று என்று எழுதிக்கொண்டார். "பதினஞ்சு பேருங்க சாமி" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். "அதுக்கு அடுப்பு ஏதுய்யா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.