இரண்டு பேரும் ஒரே பத்தியில்

"பாலிதாவா, உன்னை ஹாஜியார் விசாரிச்சாராம்," என்றான் வான்டேரா.

இடைவேளைத் தேநீரோடு கடிக்க எடுத்த மந்தாஸிப் பணியாரத்தைப் பாலிதாவா தட்டிலேயே வைத்தான்.

"எந்த ஹாஜியார்? இந்த இகாங்கா ஊர்ல தடுக்கி விழுந்தா ஹாஜியார்தானே."

"நமக்குச் சோறு போடுற ஹாஜியார். நிர்வாகக் குழுத் தலைவர் முகோயா. 'ரெண்டு பொண்டாட்டிப் பாடம் நடத்துற வாத்தியார் யாரு?'ன்னு தலைமையாசிரியம்மாகிட்ட கேட்டிருக்காரு."

வான்டேரா உயிரியல் வாத்தியார். அடுத்தவனுக்குக் கண்டம் என்றால் அவனுக்கு அன்றைக்குத் தேநீர் இனிக்கும். பாலிதாவாவோ தற்காலிக வேலையில் சேர்ந்த இலக்கிய ஆசிரியன். மாதக் கடைசியில் குழு கூடி வேலையை நிரந்தரம் ஆக்க வேண்டும். அந்தத் தாளில் ஹாஜியார் கையெழுத்துப் போடாவிட்டால், பட்டம் வாங்கிய கையோடு போய்ச் செய்த அதே வேலைதான்: கரும்பு லாரியில் சுமை ஏற்றுவது. தோள்பட்டைத் தழும்பு இன்னும் மறையவில்லை.

நடந்தது இதுதான். மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாவலையும் ஒரு கவிதையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தான். ஒருவர் விடாமல் எல்லோரும் நாவல் கதையை நாலு பக்கம் இழுத்துவிட்டு, கவிதையைக் கடைசியில் நாலு வரியில் ஒட்டியிருந்தார்கள். பாலிதாவாவுக்கு எரிச்சல். எரிச்சலில் வாயைக் கொடுத்தான்.

"இது ஒப்பீடா? ரெண்டு தனித்தனிக் கட்டுரை. ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீட்டை நினைச்சுப் பாருங்க. நாவல் மூத்தாள், கவிதை இளையாள். மூத்தாள் வீட்டுலயே சாப்பிட்டுத் தூங்கிட்டு, போற போக்குல இளையாளை வாசல்ல நின்னு எட்டிப் பாத்தா நியாயமா? ஒரு விஷயத்தை எடு. அதைப் பத்தி மூத்தாள் என்ன சொல்றா, இளையாள் என்ன சொல்றா? ஒரே பத்தியில ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வச்சுக் கேளு. அப்புறம் அடுத்த விஷயத்துக்குப் போ."

வகுப்பே கண்ணைத் திறந்துகொண்டு கேட்டது. முன்பெஞ்சில் முத்தேசி என்ற பெண் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். அவள் ஹாஜியாரின் இளைய மனைவி பெற்ற மகள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கமுலியிலிருந்து புதிதாக வந்த பாலிதாவாவுக்கு மட்டும் தெரியாது. அவளோ எதையும் வீட்டில் உரக்கப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிற ஜாதி.

"இப்ப என்னடா பண்றது?" என்றான் பாலிதாவா.

"உதாரணத்தை மாத்து," என்றான் வான்டேரா, இன்னொரு மந்தாஸியை எடுத்துக்கொண்டு.

அடுத்த பாடவேளையில் பாலிதாவா சாக்பீஸைக் கையில் எடுத்தான். "பிள்ளைங்களா, அன்னைக்குச் சொன்னதை மறந்துடுங்க. நாவலும் கவிதையும் ஒரே ஏர்ல பூட்டின ரெண்டு மாடு. சேர்ந்து நடக்கணும். ஒண்ணு மட்டும் முன்னால ஓடினா ஏர் கோணிப் போயிடும்."

முத்தேசி கையைத் தூக்கினாள். "சார், அப்ப மூத்தாள் எந்தப் பக்கத்து மாடு?"

வகுப்பு சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. ஹாஜியாரின் மனைவிமாரை வாத்தியார் மாடு என்று சொல்லிவிட்டார் என்பதுதான் அன்று மாலை கடைத்தெருவில் பேச்சு.

மறுநாள் முத்தேசியை ஆய்வுக்கூட வராந்தாவில் நிறுத்தி, வான்டேராவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, பாலிதாவா கெஞ்சாத குறையாகப் பேசினான்.

"வீட்டுல எடுத்துச் சொல்லும்மா. சார் யாரையும் கேவலமாப் பேசல. நாவல்னா விரிவு, பொறுமை. கவிதைன்னா சுருக்கம், ஆழம், திரும்பத் திரும்பப் படிச்சாத்தான் புரியும். எல்லாம் பெருமைதான்."

"சொல்றேன் சார்," என்று அவளும் போனாள். சொல்லவும் செய்தாள். அதுதான் வினை. அடுத்த நாள் அவளே வந்து ஒப்பித்தாள்.

"அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கிறதில்ல சார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீடு. நான்தான் நடந்து போய்ச் சொன்னேன். 'விரிவுன்னு உங்க வாத்தியாரு என் இடுப்பையா சொல்றாரு?'ன்னு கேட்டாங்க."

பாலிதாவா குறுக்கே புகுந்தான். "உங்கம்மா?"

"'அப்ப நான் பேசினா ஒருத்தருக்கும் புரியாதா?'ன்னாங்க."

"அப்பா?"

"அப்பா வாழைக்காய் மட்டோக்கே தட்டைத் தள்ளி வச்சிட்டு, 'அந்த வாத்தியாரை நான் நேர்ல பாக்கணும்'னாரு."

இனிப் பேச்சு உதவாது, ஊர் வழக்கப்படி கோழி மரியாதைதான் உதவும் என்று பாலிதாவாவுக்குத் தோன்றியது. சந்தைக்குப் போய்க் கொழுத்த கோழி ஒன்றை வாங்கி, காலைக் கட்டி, மோட்டார் சைக்கிள்காரனிடம் கொடுத்து, "ஹாஜியார் வீட்டுல வாத்தியார் குடுத்தார்னு சொல்லிக் குடுத்துடு," என்று அனுப்பினான். கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மூச்சு ஆசிரியர் அறை வரைக்கும்தான் தாங்கியது.

"எந்த வீட்டுக்கு?" என்றான் வான்டேரா.

"ஹாஜியார் வீட்டுக்கு."

"அதான் எந்த வீட்டுக்கு? ஒரே ஒரு கோழியா அனுப்பின? ரெண்டு அடுப்பு எரியற குடும்பத்துக்கு? 'ரெண்டு பேரையும் சமமா நடத்து'ன்னு தொண்டை கிழியக் கத்தினவன் நீதானேடா."

பாலிதாவா மறுபடியும் சந்தைக்கு ஓடினான். வண்டிக்காரன் கோழியைப் பக்கத்திலிருந்த இளையாள் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். சந்தை கலைந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது கழுத்தில் இறகே இல்லாத ஒரு நோஞ்சான் சேவல். வேறு வழியில்லாமல் அதை மூத்தாள் வீட்டுக்கு அனுப்பினான்.

மறுநாள் காலையில் வான்டேரா வாசலிலேயே காத்திருந்தான். முதல்முறையாக அவன் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"பெரியவங்க சேவலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரயில் பாதையைத் தாண்டிச் சின்னவங்க வீட்டுக்குப் போயிட்டாங்களாம். இத்தனை வருஷத்துல போனதே இல்லையாம். ரெண்டு கோழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணுமாம்."

"சண்டையா?"

"சண்டைன்னாகூடப் பரவாயில்ல. சத்தமே இல்லையாம். ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்காங்களாம்."

பாலிதாவா வகுப்புக்குப் போனான். கரும்பலகையில் என்ன எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கரும்பு லாரி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. அப்போது வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளை அங்கி கசங்கிக் கிடக்க ஹாஜியார் இறங்கி நேராக வகுப்புக்குள் வந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள்.

"எல்லாரும் வெளியில போங்க," என்றார்.

பெஞ்சுகள் காலியாயின. ஹாஜியார் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். பாலிதாவா முந்திக்கொண்டான்.

"ஹாஜியார், சத்தியமா அது உதாரணத்துக்காக..."

"மெதுவாப் பேசுங்க மாஸ்டர்." அவர் ஒரு பெஞ்சில் உடம்பை நுழைத்து உட்கார்ந்தார். முகம் மழிக்கவில்லை. "நீங்க தங்கியிருக்குற அறையில எனக்கு ஒரு கட்டில் கிடைக்குமா?"

பாலிதாவா திகைத்தான். "உங்களுக்கா?"

"ரெண்டு வீட்டுலயும் கதவைத் திறக்க மாட்டேங்குறாங்க."

"கோழியாலயா, ஹாஜியார்?"

"கோழியை விடுங்க. இத்தனை வருஷம் அவங்க ரெண்டு பேரும் தனித்தனிக் கட்டுரையா இருந்தாங்க. நான் நிம்மதியா இருந்தேன். மக அந்தப் பாடத்தைப் படிச்ச அன்னைக்கே உங்களைப் பார்த்து நிறுத்தச் சொல்லணும்னு துடிச்சேன். விட்டுப்போச்சு. உங்க தாள்ல இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன், மாஸ்டர். இனிமே இந்த ஊர்ல யாரையும் ஒரே பத்தியில உக்கார வைக்காதீங்க."

போன உயிர் திரும்பி வந்தது பாலிதாவாவுக்கு. வந்த தெம்பில் கேட்டும்விட்டான். "அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனா உங்களுக்கு நல்லதுதானே? அதுக்கு ஏன் வீட்டை விட்டு அனுப்பணும்?"

ஹாஜியார் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கப் போனார். மறந்துபோன பையை எடுக்க வந்த முத்தேசி ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றபடி பதில் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரியே கிழமை கிழமையா எடுத்து எதிரெதிரா வச்சுப் பாத்தாங்க சார். வெள்ளியும் சனியும் அப்பா பெரியம்மா வீட்டுலன்னு அம்மா நினைச்சிருக்காங்க, எங்க வீட்டுலன்னு பெரியம்மா நினைச்சிருக்காங்க."