முன்சுவர் மட்டும்

காண்ட்ராக்டர் மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி சரியாக இருபத்தோராயிரத்து நானூறு. அது கைக்கு வர ஒரே நிபந்தனைதான். நூற்றிருபது வருஷத்துத் தபாலாபீஸைத் தரைமட்டமாக்கலாம். தெருவைப் பார்த்த முன்சுவர் மட்டும் அப்படியே நிற்க வேண்டும். பின்னால் பன்னிரண்டு மாடி வரப்போகிறது. வெள்ளிக்கிழமை புராதனக் கட்டட அதிகாரி வந்து சுவரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பணம்.

திங்கட்கிழமை காலையில் சுவர் நாலு விரற்கடை தெருப்பக்கம் சாய்ந்திருந்தது.

"உத்திரத்த மொதல்ல உருவாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்," என்றாள் மேஸ்திரியின் மனைவி. அவளும் அங்கேதான் செங்கல் சுமந்தாள்.

"இடிக்கிற வேலையில மரந்தான்டி மொதல்ல. தேக்கு! சும்மா விடச் சொல்றியா? நான் சொன்னா சுவரு கேக்கும்."

தெருப்பக்கம் நாலு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கினார். சுவர் கேட்டது, கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. மத்தியானத்துக்குள் ஆறு விரற்கடை உள்பக்கம் சாய்ந்துவிட்டது.

மேஸ்திரி அசரவில்லை. ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி, தெருப்பக்க வேலிக்குள் நின்ற இடிக்கும் மெஷினில் மாட்டினார். அதை ஓட்டுகிறவன் மச்சினன்.

"மாப்ள, லேசா இழு. பூவப் பறிக்கிற மாதிரி."

மெஷின் ஒரு உறுமல் உறுமியது. சுவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

"பூ மாதிரின்னுதானடா சொன்னேன்!"

"மாமா, நான் பூவாத்தான் இழுத்தேன். மெஷினுக்குத் தெரியலையே!"

தூசி அடங்கியபோது, கேட்டடியில் வயசான காவலாளி துண்டை உதறிக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஓடினார்.

"அண்ணே, நீங்க எதையும் பாக்கல."

"நான் கேட்டுக்குத்தான் காவல் தம்பி. சுவருக்கு இல்ல."

மூன்று நாள். அதே செங்கல், அதே வரிசை, சுண்ணாம்புக் கலவை. மாதிரிக்கு மனைவியின் போனில் ஒரு போட்டோ இருந்தது. ஆனால் நடுவில் மச்சினன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இவன் மண்டைக்குப் பின்னாடி என்னடி இருந்துச்சு?"

"மண்டைக்கு உள்ளயே ஒண்ணுமில்ல. பின்னாடி எனக்கென்ன தெரியும்?"

மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு ஒரு சின்ன மாடம் வைத்தார். வயசு தெரிய, டீ டிகாக்‌ஷனை மேலிருந்து ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டரோடு வந்த அதிகாரி நேராக மாடத்துக்கு முன்னால் போய் நின்றார். நகரவே இல்லை.

"காண்ட்ராக்டர், இந்த மாடத்தப் பாருங்க! நூத்திருபது வருஷம் ஆச்சு. இப்ப இருக்கிறவன் எவனுக்காவது இந்தக் கை வருமா?"

"வராது சார்," என்றார் மேஸ்திரி, பெருமை தாங்காமல்.

கையெழுத்து விழுந்தது. இருபத்தோராயிரத்து நானூறும் அங்கேயே எண்ணிக் கைக்கு வந்தது. மேஸ்திரி ஐந்நூறை உருவிக் காவலாளியின் சட்டைப்பையில் திணித்தார்.

"வாயத் தொறக்காம காப்பாத்திட்டீங்கண்ணே."

காவலாளி நோட்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க தம்பி. போன தடவ இது விழுந்தப்போ, கட்டினதே நான்தான்."