மூட்டம் சாரும் வெதுவெதுப்பான தண்ணீரும்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மலை எப்போது கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று காத்துக்கொண்டிருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, மூட்டம் சார் ஒருவர்தான்.

ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழே அவருடைய போட்டோ ஸ்டுடியோ. பலகையில் அவருடைய நிஜப் பெயரைப் பெரிதாகவே எழுதி வைத்திருந்தார். ஆனாலும் பால்காரரிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் மூட்டம் சார்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக நிற்கவைத்து எடுக்கிற படங்கள்தான் அவர் பிழைப்பு. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் புகை மெஷினைத் தட்டிவிட்டு ஒரு நொடியில் வேலையை முடித்துவிடுவார்கள். இவருக்கு அது ஆகாது. "அது கொசு மருந்து சார்" என்பார். ஜோடிக்குப் பின்னால் நிஜமான பனிமூட்டம் இருக்கவேண்டும். அதுவும் தண்ணீரிலிருந்து எழுந்து வரவேண்டும்.

கார்த்திகை பிறந்துவிட்டால் விடிவதற்குள் வேங்கிக்கால் ஏரிக்கரையில் ஆஜராகிவிடுவார். தலையில் குரங்குக் குல்லா. கையில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில், பள்ளிக்கூட லேபில் இருக்குமே, அந்தக் கண்ணாடித் தெர்மாமீட்டர். அதை ஏரிக்குள் விட்டு, இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். வாக்கிங் போகிறவர்கள் முதலில் அவர் மீன் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு, "ஏரிக்கு ஜுரம் கொறஞ்சுதா சார்" என்று விசாரித்துவிட்டு நடந்தார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "கொறையக் கூடாதுங்க" என்று பதில் சொல்வார்.

அவருடைய கணக்கு இதுதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், அதன் மேலே காற்று ஜில்லென்று இருக்கவேண்டும். தண்ணீரிலிருந்து கிளம்பும் ஈரம் குளிர்காற்றில் பட்டதும் பொடிப்பொடித் துளியாகிப் புகைபோல எழும்பும். தண்ணீரும் காற்றும் ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றும் நடக்காது. வானத்தில் மேகம் இருந்தால் தரை ஆறாது, காற்றும் குளிராது. பலமாகக் காற்று வீசினாலோ எழும்பியதும் கலைந்துபோகும். இத்தனையும் ஒரே காலையில் கூடி வருவது ஜாதகப் பொருத்தத்தைவிடக் கஷ்டம்.

இதை டீக்கடையில் விளக்கப் பார்த்து ஒருநாள் தோற்றுப்போனார். "அதே டீ, அதே சூடு. சித்திரையில ஆவி கம்மியாத் தெரியுது, மார்கழியில ஜாஸ்தியாத் தெரியுது. ஏன் சொல்லுங்க" என்று டீ மாஸ்டரைக் கேட்டார்.

மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே நன்றாக யோசித்தார். "மார்கழியில நான் பாலு கொஞ்சம் திக்கா ஊத்தறேன் சார்" என்றார்.

மூட்டம் சார் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு வருஷம் மார்கழி முழுக்க மேகம் கலையவே இல்லை. அவரிடம் மாட்டியிருந்த ஒரு ஜோடி, பட்டுப்புடவையும் கோட்டுமாகத் தினமும் விடியற்காலையில் வந்து, கரையில் நின்று நடுங்கிவிட்டுப் போனது. மாப்பிள்ளைக்கு மூக்கு சிவந்து ஒழுக ஆரம்பித்தது. இனி பொறுக்க முடியாது என்று மூட்டம் சார் ஒரு சமையல்காரரிடம் அண்டாக்களை வாங்கிவந்து, கரையிலேயே அடுப்பு மூட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஏரி ஓரத்தில் கவிழ்த்தார். ஆவி எழும்பத்தான் செய்தது. மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டு நிமிர்வதற்குள் அடங்கியும் போனது. அதற்குள் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"மீனைப் புடிச்சிட்டு வேக வெப்பாங்க. நீ என்னாய்யா ஏரியிலயே வேக வெக்கற?"

அந்த ஜோடி அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போய்க் கொசு மருந்திலேயே படம் எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், என் கல்யாணத்துக்கு அவரிடமே போனேன். வேறு வழியில்லை. தினமும் படியிறங்கும்போது அவர் முகத்தில்தான் விழிக்கவேண்டும்.

எனக்கு அடி அண்ணாமலையில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் சங்கீதா. விவசாயக் குடும்பம். அவள் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்தும் நாங்கள் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. காரணம் அவளுடைய தாய்மாமன். போன் செய்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். கோயிலில் சந்தித்தால் இருவருக்கும் நடுவில் வந்து நிற்பார். நல்ல மனிதர்தான், ஆனால் ஆள் அகலம். சங்கீதா என்னிடம் ஏதோ சொல்ல நினைக்கிறாள் என்பது மட்டும் அவள் முகத்தில் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தால், "சொல்லும்மா, என்ன" என்று மாமா குனிந்துவிடுவார். அவள் "ஒண்ணுமில்ல மாமா" என்று முடித்துக்கொள்வாள். என்னைப் பிடிக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கவலையோடு நான் இருக்கும்போது மூட்டம் சார் மாடிக்கே ஏறி வந்தார். பெண் வீட்டு நிலத்தில் போர்க்கிணறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ நாளா ஏரியைக் கட்டிக்கிட்டு அழுதுட்டேன் சார். போர்ல ஆழத்துத் தண்ணி. மார்கழியிலகூட வெதுவெதுன்னுதான் வரும். அதை நடவு வயல்ல பாய விட்டா, மூட்டம் நம்ம கைக்குள்ள."

மாமா, தானும் கூட இருக்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் ஒப்புக்கொண்டார்.

படம் எடுக்கிற அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தென்னை ஓலைகூட ஆடவில்லை. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டதால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உழுது வைத்திருந்த வயலெல்லாம் தண்ணீர். மூட்டம் சார் எங்கள் இருவரையும் வரப்பில் நிறுத்திவிட்டு, கையைத் தண்ணீரில் விட்டார். பிறகு அதே கையைக் காற்றில் நீட்டினார். சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

முதலில் கணுக்கால் அளவுக்கு வெள்ளையாகத் தவழ்ந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்தது. அப்புறம் மோட்டார் கொட்டகையைக் காணோம். தென்னையைக் காணோம். மலையைக் காணோம். கடைசியாக மாமாவையும் காணோம்.

"யாரும் நகராதீங்க" என்று மூட்டம் சாரின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அதில் அப்படியொரு ஆனந்தம்.

என் பக்கத்தில் சங்கீதா தாழ்ந்த குரலில் பேசினாள். "மாமா இல்லாதப்பவே கேட்டுடறேங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடணும்னு நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லலைங்க. நீங்களே விட்டுடறேன்னு சொன்னதா எங்கம்மா சொன்னாங்க."

"நான் சொல்லவே இல்லைங்க. எனக்கு அந்த வேலை புடிக்கும்."

என் அம்மாவும் அவள் மாமாவும் எங்கள் பெயரில் பேசி முடித்துவிட்டார்கள் என்பது புரிந்தது. அவளுக்குப் பிடிக்காமல் போனது என்னை இல்லை என்பதும் எனக்குப் புரிந்தது. அந்த நிம்மதியில் என்னை அறியாமலே ஒரு தைரியம் வந்துவிட்டது. மாமாவின் முகம் தெரிந்திருந்தால் சத்தியமாக வந்திருக்காது.

"மாமா, சங்கீதா வேலையை விட மாட்டாங்க. நானும் விட வேணாம்னுதான் சொல்றேன்" என்று வெள்ளையைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

பொத்தென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு சேற்றில் எருமை காலை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். எங்களைத் தேடிக் கிளம்பிய மாமா, வரப்பு என்று நினைத்து வயலுக்குள் கால் வைத்துவிட்டார். முழங்கால்வரை இறங்கிவிட்டது.

"சரி மாப்ள, போவட்டும், வேலைக்குப் போவட்டும்" என்றார் மாமா. "மொதல்ல கையைக் குடுங்க."

கையைத் தேடிக் கண்டுபிடித்து இருவருமாக இழுத்தோம். அவர் வந்துவிட்டார், செருப்பு வரவில்லை. ஆனால் மனிதர் வாக்குத் தவறவில்லை. அந்த வாரமே என் அம்மாவிடம் வந்து அவரே எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

படங்கள் வந்தன. அத்தனையும் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பக்கத்தில் நின்று எடுத்த மாதிரி இருந்தன. ஒன்றில் மட்டும் மாமாவின் சிவப்புத் துண்டு பறவைபோல மிதந்தது. மூட்டம் சார் ஒவ்வொன்றாகக் காட்டி, "இதுல ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க சார்" என்றார். சங்கீதா கண் கலங்கும்வரை சிரித்தாள். மாமா மட்டும், கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார். சங்கீதா கேட்கவில்லை. முகூர்த்தத்துக்கும் மூட்டம் சார்தான் வந்தார். ஹோமப் புகை எழும்பியபோதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, படமெல்லாம் பளிச்சென்று எடுத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு நண்பர் ஏற்காட்டில் ஸ்டுடியோ வைத்து அவரைக் கூட்டாளியாகக் கூப்பிட்டார். தெருவே வழியனுப்பியது. இனி அவருக்குத் தினமும் விருந்துதான் என்று பேசிக்கொண்டோம். போன வேகத்தில் பெட்டியோடு திரும்பிவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அங்க சும்மா சும்மா வருதுங்க" என்றார் வெறுப்பாக. "கதவைத் தொறந்தா உள்ளயே வருது. அதுக்கு நான் எதுக்கு சார்?"

இப்போது அவருக்கு மூச்சிறைப்பு. விடியற்காலைக் குளிரில் வெளியே தலைகாட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் மார்கழியில் ஏரிக்கரைக்கு நான் போகிறேன். கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். மூட்டம் வந்திருந்தால், எவ்வளவு உயரம், கரைப் பனைமரம் தெரிகிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

வராத நாளில், "வரலைங்க" என்பேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு மனசு பொறுக்காது. தலைக்கு மேலே மேகம் கறுத்துக் கிடக்கும். ஆனாலும், "நாளைக்குக் கண்டிப்பா வருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பேன்.