ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது

பிரியமுள்ள இந்திராணி அக்காவுக்கு, தங்கை அம்சவேணி எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் நலம். நானும் இந்த நிமிஷம் வரை நலம். மாகறலில் நீயும் மாமாவும் குழந்தையும் நலமா? இதை மாமாவிடம் காட்டாதே, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. விளக்கு வெளிச்சம் தெரியாமலிருக்கத் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து எழுதுகிறேன்.

வயதுக்கு வந்த பெண் சைக்கிளைத் தொட்டால் அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது என்று அப்பா சொன்னது உனக்குத் தெரியும். நான் தொட்டுவிட்டேன். கொஞ்ச நாளாக விடியுமுன் தம்பி சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு, நம்மால் எதுவரை போக முடியும் பார்ப்போமே என்று முதலில் தெருக்கோடி, பிறகு தேரடி, பிறகு ரயில்வே கேட் என்று போய்வந்தேன். ஓட்ட வந்துவிட்டது, இறங்கத்தான் வரவில்லை. கால் தரைக்கு எட்டாது, பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடுவேனோ என்று பயம். அதனால் தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டியோடு சாய்ந்துவிடுவேன். இன்று திரும்பி வந்து பார்த்தால் மணலைக் காணோம், கொத்தனார் பூசி முடித்துவிட்டார். நிற்க வழியில்லாமல் நம் தெருவுக்குள் நுழைந்தால், அரையிருட்டில் அப்பாவும் எதிர்வீட்டு நமச்சிவாயம் மாமாவும் கல்யாணப் புடவை நெய்வதற்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"டேய், பாவுல ஏத்திடாதடா" என்று அப்பா என்னைப் பார்த்தே கத்தினார். சுவருக்கும் பாவுக்கும் நடுவே முழங்கை தேயப் புகுந்து, வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்து, அழுதபடி மிதித்து, கடைசியில் தென்னேரி ஏரிக்கரை மேட்டில் வண்டி தானாக நின்றது. அங்கே மாடு கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "காஞ்சிபுரத்துலேர்ந்தா வர்ற? இவ்ளோ தூரம் எதுக்கு தம்பி?" என்றார். நிறுத்தத் தெரியாமல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஏரி பார்க்க என்றேன். அவரே வண்டியைத் திருப்பிப் பிடித்துத் தள்ளிவிட்டார். நம் வீட்டுச் சுவரில் மோதித்தான் நின்றேன். நான் கூடப் படிக்கும் கமலவேணி வீட்டில் பாடம் படிப்பதாக அம்மா நினைத்திருந்தாள். அப்பா தன் வண்டியைக் காணோமென்று திருடனைத் தேடிப் போயிருந்தார்.

திரும்பி வந்து வண்டியைப் பார்த்தவர், "பயந்து கொண்டாந்து போட்டுட்டான். கெடைக்கட்டும், காலை ஒடிக்கிறேன்" என்றார். அந்தக் கால் என்னுடையது. ராத்திரி நமச்சிவாயம் மாமா வந்தபோது, "ஆனா ஒண்ணு நமச்சிவாயம், ஒரு இழை அறுபடாம பூந்து போனான் பாரு, என்னால ஆவாதுப்பா" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. நான்தான் அப்பா என்று வாய் வரை வந்துவிட்டது அக்கா. காலை ஒடிப்பார் என்பதைவிட அதுதான் பெரிய பயமாக இருக்கிறது. என்றைக்காவது சொல்லித் தொலைத்துவிடுவேன், பள்ளிக்கூடம் நின்றுவிடும். ஒத்தாசைக்கு என்னை அனுப்பச் சொல்லி அப்பாவுக்கு உடனே எழுது. இனி சைக்கிள் பக்கமே போகமாட்டேன், காமாட்சி மேல் சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கத்தையும் குழந்தைக்கு ஒரு முத்தத்தையும் கொடு.

உன் தங்கை,
அம்சவேணி

பி.கு. அப்பாவுக்கு எழுத வேண்டாம், நானே வருகிறேன். தென்னேரிக்கே போனவளுக்கு மாகறல் ஒன்றும் தூரமில்லை. உன் வீட்டு வாசலில் மணல் ஏதாவது கொட்டியிருக்கிறதா? இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவைக் கையை விரித்துக்கொண்டு வாசலில் நிற்கச் சொல்.