கொடுத்த புத்தகத்துக்குக் காவல்

புத்தகம் கொடுப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. கொடுப்பார்கள், விடமாட்டார்கள். உத்திரமேரூரில் இந்த ரகத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டால், ரைஸ்மில் மேஸ்திரி அருள்தாஸைத்தான் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நசீரா, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் பந்தல் போட்டு, ஊராரிடம் வாங்கிய பழைய புத்தகங்களை விற்பாள். வருகிற பணத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு நடக்கும். இந்த வருஷம் செவ்வந்தி. நாற்று நடவும் களையெடுக்கவும் கூலிக்குப் போகிறவர்களின் மகள். நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பணம் கட்டாவிட்டால் சீட்டு அடுத்தவளுக்கு. இதைக் கேட்ட அருள்தாஸ் கண் கலங்கி, வீட்டுக்கு ஓடி, அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தடவி, முகர்ந்து, ஒரே ஒரு பக்கம் என்று உட்கார்ந்து முழுசும் படித்து, மனைவி மேரியிடம் திட்டு வாங்கி, கடைசியில் நாற்பது புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டிவந்து பந்தலில் இறக்கினார். நல்ல மனுஷர்தான். யார் இல்லையென்றது?

இறக்கியவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனாரா? பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளையை விசாரிப்பது போல, வந்தவர்களையெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார். ஒருவன் பல்லவர் வரலாற்றைக் கையில் எடுத்ததுதான் தாமதம்.

"எந்த ஊரு நைனா?"

"புள்ளலூரு சார்."

"அப்டியா! உங்க ஊர்ல நடந்த சண்ட எந்த வருசம், சொல்லு பாப்போம்."

"எந்த சண்ட சார்? போன வாரம் டீக்கடையாண்ட நடந்துச்சே, அதுவா?"

புத்தகம் அவன் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. துப்பறியும் நாவலைப் புரட்டிய டெய்லரிடம், "நல்ல கத, வாங்கு. கொல பண்ணது மச்சான்தான்" என்றார். சமையல் புத்தகத்தைத் தொட்ட அம்மாளைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மற்றவர்கள் கொடுத்ததெல்லாம் விற்றுப்போனது. அருள்தாஸின் நாற்பதில் ஒன்றுகூட நகரவில்லை. செவ்வந்தி கட்ட வேண்டிய பணத்தில் துண்டு விழுந்தது.

காலையிலிருந்து பந்தலில் கூடமாட நின்ற அவள் ஸ்டூலருகே வந்தாள். "சார், நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"வோணாம்மா. உனுக்காகத்தான் உக்காந்துக்கினு கீறேன்."

பொய் சொல்லவில்லை, பாவம்! இந்தப் பெண் படிக்க வேண்டும் என்று அவருக்கு மனசார ஆசை. தன் புத்தகம் கண்டவன் கைக்குப் போகிறதே என்று மனசாரப் பதற்றம். ஒன்றின் கழுத்தை மற்றொன்று பிடிப்பது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

நசீராவுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு ஓரம் பஜ்ஜி போடும் மங்கம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மீந்துபோன புத்தகங்களை மங்கம்மாவுக்கு எடைக்குப் போடுவது அங்கே வழக்கம். போன வருஷம் அடுத்தவர் புத்தகங்கள் அப்படிப் போனபோது மூட்டையைத் தூக்கிவிட்டதே அருள்தாஸ்தான்.

மங்கம்மா தராசோடு வந்தாள். மேலே இருந்த புத்தகத்தைப் பிரித்து, தாளை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"தாளு நல்லாத்தான் கீது, எண்ண இழுக்கும். அட்ட எனுக்கு வோணாம் நசீராம்மா, மடிக்க வராது. கிழிச்சிட்டு எட போடு."

அருள்தாஸ் துள்ளி எழுந்தார். "அய்யோ, கிழிக்காத! இன்னாம்மா நசீரா, இன்னா அநியாயம் இது?"

"நான் இன்னாண்ணா பண்றது? ஒருத்தரும் வாங்கல. நாளிக்கி இந்தப் பொண்ணு பீஸ் கட்டணுமே."

"எவனும் வாங்க வோணாம். நானே வாங்கிக்கிறேன்!"

"நாப்பதுமா? எடைக்கா?"

"எடைக்கு வாங்க அது இன்னா பழைய இரும்பா? வெலைக்குத்தாம்மா!"

சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் கொடுத்தார். மீதியை ஜிபேயில் போடச் சொல்லி மேரிக்குப் போன் பண்ணி, இரண்டாவது தடவையும் திட்டு வாங்கிக்கொண்டார். செவ்வந்தியின் சீட்டு பிழைத்தது. நாற்பதையும் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அருள்தாஸின் முகத்தில் என்ன பூரிப்பு என்கிறீர்கள்! தானமும் பண்ணியாயிற்று, அலமாரியிலும் ஒன்று குறையவில்லை.

"அடுத்த வருசமும் மறக்காம கொண்டாந்துடுங்கண்ணா" என்றாள் நசீரா.

"நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இந்த ரகமில்லை, தாராள மனசுக்காரர். ரொம்பச் சந்தோஷம். அப்படியென்றால், இதோ உங்கள் கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தையே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்களேன்.

என்ன, அதற்குள் மூடி மடியில் வைத்துக்கொண்டீர்கள்?