தனிமைக்கு எத்தனை மார்க்?

"போச்சு, மறுபடியும் சிவப்பு!" எல்வின் லேப்டாப்பின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

'மனசு விட்டுப் பேச எனக்கு ஆளே இல்லை' என்பதற்கு அவன் அப்பா பர்னபாஸ் 'எப்போதும்' என்று அமுக்கியிருந்தார். கொஞ்சம் தள்ளி, 'பேச எனக்கு ஆட்கள் நிறைய உண்டு' என்பதற்கும் அதே 'எப்போதும்'.

வயதானவர்களின் தனிமையை அளந்து மார்க் போடும் மென்பொருள் அது. பெங்களூரில் உட்கார்ந்து எல்வின் எழுதியது. ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கும். பதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் 'நம்பத்தகாதவர்' என்று சிவப்பு காட்டும். சோதித்துப் பார்க்க வயதானவர்கள் வேண்டும். அப்பா இருக்கும் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் அதற்கா பஞ்சம்? சுரங்கத்தை மூடியதும் இளசுகளெல்லாம் ரயிலேறிவிட்டன. அம்மா ஈவ்லின் இறந்த பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டிய எல்வினுக்கும், இந்த வேலை வந்த பின்தான் ஞாயிறுதோறும் வீட்டு ஞாபகம் வந்தது. நல்ல பிள்ளை!

"இன்னாப்பா இது? ரெண்டுக்கும் 'எப்போதும்'னா எப்படி?"

"ரெண்டும் நெஜந்தானே? அப்ப அடுத்த வாரமும் வரணுமா நீ?"

"வராம?"

"அடப் பாவமே," என்று சொல்லிவிட்டு பர்னபாஸ் மட்டன் குழம்பைக் கிளறப் போனார். குரலில் பாவத்தைக் காணோம்.

கேள்விதான் புரியவில்லை என்று முடிவுகட்டி, எல்வின் எல்லாவற்றையும் பச்சைத் தமிழில் மாற்றி எழுதினான். அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் 'சில சமயம்' என்றே அமுக்கிவிட்டுப் போனார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் எதை வைத்து அளப்பது? மென்பொருள் அப்படியே நின்றுவிட்டது.

"மேக்ஸ்வெல் அங்கிள், ஒரு கேள்விக்காவது வேற பதில் சொல்லக் கூடாதா?"

"நமக்கு எல்லாமே சில சமயந்தான்பா. தண்ணி கூட சில சமயந்தான் வருது."

அதற்கடுத்த வாரம் எல்வின் 'சில சமயம்' என்ற பொத்தானையே தூக்கிவிட்டான். அன்று மேக்ஸ்வெல் ஒன்றுவிட்டு ஒன்றாக அமுக்கினார். பக்கத்து வீட்டு ரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். பர்னபாஸுக்கு மட்டன் குழம்போடு வறுவலும் செய்ய நேரம் இருந்தது. பாவம், அந்தக் காலத்தில் சுரங்க யூனியன் செயலாளர். அவர் கையைக் காட்டினால் ஷிப்டே நின்றுவிடும். இப்போது அடுப்பைத் தவிர அதிகாரம் பண்ண ஒன்றும் இல்லை.

சாப்பிடும்போது மேனேஜர் விநாயக்கின் போன் வந்தது. பேசி முடித்த எல்வினின் கை தட்டிலேயே நின்றது.

"இன்னாடா ஆச்சு?"

"இன்னிக்குள்ள சரியான டேட்டா தரலன்னா ப்ராஜெக்டை வேற டீமுக்குக் கொடுத்துடுவாங்களாம். என்னையும் அனுப்பிடுவாங்கப்பா."

பர்னபாஸ் கறித்துண்டைத் தட்டில் வைத்தார். வேலை போவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், "தோ வந்துடறேன்" என்று வெளியே போனார்.

குழம்பு ஆறுவதற்குள் லைன் முழுக்க வரிசையாக வந்து நின்றது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேள்வியைப் படித்துப் படித்து நிதானமாக அமுக்கினார்கள். பர்னபாஸ் கடைசியாக உட்கார்ந்தார்.

பச்சை. எல்லாமே பச்சை!

"அப்பா! வேலை செய்யுதுப்பா!" எல்வின் குதித்தான். "மார்க்கைப் பாருங்க, மேக்ஸ்வெல் அங்கிள் எண்பத்தொம்போது, ரத்தினம்மா ஆன்ட்டி தொண்ணூறு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு தனிமை, நீங்கதாம்பா ஃபர்ஸ்ட்டு!"

"நான் எப்பவும் ஃபர்ஸ்ட்டுதான்," என்றார் பர்னபாஸ். "மீதிக் கறியைக் கட்டித் தரட்டுமா?"

"வேணாம்பா, ட்ரெயினுக்கு டைம் ஆச்சு. இனிமே உங்களுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் அலைச்சல் இல்ல."

"ஆமா. அலைச்சல் இல்ல." அவர் சட்டிக்கு மூடி தேடினார். மூடி கையிலேயே இருந்தது.

எல்வின் பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறக்கும்போது, முருங்கை மரத்தடியில் ரத்தினம்மா நின்றிருந்தாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி, இத்தினி வாரமா தப்புத் தப்பா அமுக்கினீங்க, இன்னிக்கு மட்டும் எப்படிக் கரெக்டா வந்துச்சு?"

ரத்தினம்மா வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"'நாம ஒழுங்கா பதில் சொல்லிட்டா எம்புள்ள அடுத்த ஞாயித்துக்கெழம வர மாட்டான்'னு ஸ்ட்ரைக் பண்ணச் சொன்னதும் உங்கப்பாதான் கண்ணு, உன் வேலைக்கே ஆபத்துன்னதும், வீடு வீடா வந்து ஸ்ட்ரைக் வாபஸ்னு சொன்னதும் அவருதான்."